படுத்துப் பார்த்தால் வட்டம்

போன வாரம் எங்க அம்மாவை ஆஸ்பத்திரி வராந்தாவுல செருப்பு கூடப் போடாம நிக்க வச்சுட்டு நான் பாட்டுக்குப் போயிட்டேன். படிச்ச நிறையப் பேருக்குக் கோபம். நியாயம்தான். இதோ, செருப்பை மாட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன், போதுமா?

இன்னிக்குத்தான் முதல் தடவையா இந்தப் பக்கத்தைத் திருப்புறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க வீட்டுல இப்போ மூணு பொம்பளைங்க. அம்மா, அண்ணி, நான். நான் வாடகைக் கார் ஓட்டுறவ, அதனால வாய் கொஞ்சம் நீளம். அண்ணன் சரக்குக் கப்பல்ல இன்ஜின் ரூம்ல இருக்கான். கப்பல் கரையைத் தொட்டா போன் வரும், இல்லைன்னா வராது.

அண்ணி கம்ப்யூட்டர்ல வட்டம் வரையறவங்க. சுவர்ல ஒட்டுற படம், தரைவிரிப்பு, தட்டு, கண்ணாடிக் கதவு, எதுல வட்டமா ஒரு டிசைன் வேணும்னாலும் பிரிண்ட் கடைக்காரங்க எங்க வீட்டுக்குத்தான் போன் பண்ணுவாங்க. நான் அவங்களுக்கு வச்ச பேர் காம்பஸ். கூப்பிட்டா கோபம் வராது, சிரிப்பாங்க.

அம்மாவுக்கு மார்புல கட்டி வந்து, ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. ஒட்டு மொத்தமா ஒழியணும்னு இப்போ கதிர் சிகிச்சை. இது அண்ணனுக்குத் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் அம்மா சத்தியம் வாங்கி வச்சிருக்காங்க. "நடுக்கடல்ல இருக்கிறவனுக்குச் சொல்லி என்னடி ஆகப் போகுது? நீந்தியா வருவான்?"ன்னு கேட்டாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலைன்னு எனக்குத் தெரியும். ஆனா எங்க அம்மாகிட்ட எதிர்த்துப் பேசி யாரு ஜெயிச்சிருக்கா?

போன வாரம் நான் சொன்னது இதுதான். கதிர் அறையில, கையை ரெண்டையும் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டு, அசையாம படுத்திருக்கணும். கூட யாரும் இருக்கக் கூடாது. கனத்த கதவைச் சாத்திடுவாங்க. மெஷின் மட்டும் உடம்பைச் சுத்திச் சுத்தி வரும். படுத்திருக்கிறவங்க பார்க்கிறதுக்குன்னு கூரையில ஒரு விளக்குப் பலகை இருக்கு. அதுல முன்னாடி மேகம் படம் போட்டிருந்தாங்க, வெளுத்துப் போன மேகம். ஸ்கேனுக்குப் போனப்போ அதைப் பார்த்துட்டு அண்ணிதான், "நான் ஒன்னு வரைஞ்சு தர்றேன் சார்"னு நிர்வாகிகிட்ட தானாக் கேட்டு, வட்ட டிசைன் ஒன்னு போட்டுக் குடுத்தாங்க. மாட்டின அன்னிக்கு நாங்க எல்லாரும் அதுக்கு நேர் கீழ நின்னு அண்ணாந்து பார்த்தோம். அடடா, அவ்வளவு அழகு.

முதல் நாள் சிகிச்சைக்கு அம்மா அதுக்குக் கீழதான் படுத்தாங்க. கதவைச் சாத்தின கொஞ்ச நேரத்துலயே கையை உதறிட்டு எழுந்து உக்காந்துட்டாங்க. "அது கோணலா இருக்கு. என் மேல சரிய வருது. என்னால முடியாது"ன்னு ஒரே பிடிவாதம்.

எனக்கு மூக்குக்கு மேல கோபம். எங்க அம்மா துணி ஆலையில தரம் பார்க்கிற வேலையில இருந்தவங்க. காலம் பூரா குறை கண்டுபிடிச்சு அதுக்குச் சம்பளம் வாங்கினவங்க. அண்ணி வந்த நாள்ல இருந்து அவங்க வரையறதுல ஒரு நொட்டை சொல்லாத நாள் இல்லை. அதான் வராந்தாவுல வச்சே கேட்டுட்டேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். படுக்கப் பயம்னா பயம்னு சொல்லும்மா, அண்ணி வேலையை எதுக்கு இழுக்கிற?"

டாக்டர் வந்து, "இதுல நாள் விட்டுப் போகக் கூடாதும்மா. நாளைக்கு மதியம் இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். முடியலைன்னா மயக்கம் குடுத்துத்தான் பண்ணணும், அது உங்க இதயத்துக்கு அவ்வளவு நல்லதில்லை"ன்னு சொன்னார். அதுக்கு அம்மா சொன்ன பதில் இது.

"நாளைக்கும் முடியலைன்னா இப்படியே விட்டுடுங்க டாக்டர். வந்த வரைக்கும் வரட்டும்."

இங்கதான் போன வாரம் நிறுத்தினேன். இனி மேல படிங்க.

*

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு மூலையில, அம்மா ஒரு மூலையில. அண்ணி மட்டும் டீயோட அம்மா பக்கத்துல போய் உக்காந்தாங்க. நானா இருந்தா அழுதிருப்பேன், இல்லைன்னா சண்டை போட்டிருப்பேன். அவங்க கேட்ட கேள்வியைக் கேளுங்க.

"அத்தை, எந்தப் பக்கம் கோணல்?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. கிண்டல் பண்றாளோன்னு சந்தேகம். கிண்டல் இல்லை.

"கால் பக்கம் ஒடுங்கிக் கிடக்கு. தலைப் பக்கம் பெருத்துக் கிடக்கு. மொத்தமாப் பார்த்தா நசுங்கின தட்டு மாதிரி. தட்டைச் சாய்ச்சுப் பிடிச்சா எப்படி இருக்கும், அப்படி. இப்போ விழுமோ அப்போ விழுமோன்னு இருக்கு. அதுல நீ வேற ஊசி ஊசியா இதழ் வரைஞ்சு வச்சிருக்கே, அத்தனையும் என்னையே பார்க்குது."

"சரிங்க அத்தை"ன்னாங்க அண்ணி. அவ்வளவுதான். போனை எடுத்து, கதிர் அறை டெக்னீஷியன் பொண்ணுக்கு, "காலையில முதல் ஆள் வர்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் உள்ள விடுவீங்களா?"ன்னு கெஞ்ச ஆரம்பிச்சாங்க.

மறுநாள் காலையில போனோம். மெஷின் அணைஞ்சு கிடந்துச்சு. அண்ணி செருப்பைக் கழட்டிட்டு, அந்த ஒல்லிப் படுக்கையில அம்மா படுத்த மாதிரியே படுத்து, கையைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. நான் பக்கத்துல நின்னேன். எழுந்திருக்கிற வழியைக் காணோம்.

"அண்ணி, தூங்கிட்டீங்களா?"

"அத்தை சொன்னது நிஜம்."

"என்னது?"

"நீயே படுத்துப் பாரு."

படுத்தேன். ஐயோன்னு ஆயிடுச்சு. நேர் கீழ நின்னு பார்த்தப்போ முழு நிலா மாதிரி இருந்த வட்டம், படுத்தா முட்டையாத் தெரியுது. தலைக்கு மேல மெஷின் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறதால பலகையை முகத்துக்கு நேர மாட்ட முடியலை, கால் பக்கமாத் தள்ளி மாட்டியிருக்காங்க. அதனால சாய்ஞ்சு பார்க்க வேண்டியிருக்கு. சாய்ஞ்சு பார்த்தா எந்த வட்டம்தான் வட்டமா இருக்கும்? அந்த இதழ் முனைங்க வேற, அம்மா சொன்ன மாதிரியே, என் தொண்டையைப் பார்த்து நின்னுச்சு.

நிர்வாகி, டாக்டர், பிரிண்ட் கடைக்காரர், நான், அண்ணி, அத்தனை பேரும் பார்த்தோம். ஒருத்தர் கூடப் படுத்துப் பார்க்கலை. படுக்கிறவங்களுக்காகச் செஞ்ச ஒரு பொருளை! தலையில அடிச்சுக்கணும் போல இருந்துச்சு. அம்மாகிட்ட நான் பேசின பேச்சு வேற ஞாபகத்துக்கு வந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

அண்ணிக்கு அவமானமா இருந்திருக்கணும், இல்லையா? முகத்துல அது இல்லவே இல்லை. என்னை எழுப்பிவிட்டுட்டு மறுபடி படுத்தாங்க. போனைக் கண்ணுக்கு நேரா வச்சு, பலகையை அப்படியே ஒரு போட்டோ எடுத்தாங்க. பலகையோட நாலு மூலையும் போட்டோவுல விழுந்திருக்கான்னு மட்டும் ரெண்டு தடவை சரிபார்த்துக்கிட்டாங்க.

"கிளம்பு டிரைவர். மதியத்துக்குள்ள வேலை இருக்கு."

*

எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் அண்ணியோட ஆபீஸ். பெரிய ஸ்கிரீன், பக்கத்துல கறுப்பா ஒரு பலகை. அந்தப் பலகை மேல பிளாஸ்டிக் பேனாவால கோடு போட்டா அது ஸ்கிரீன்ல விழும்.

அவங்க வரையறதைப் பார்க்க நான் சவாரியைக் கூட விட்டிருக்கேன். இதுல ஒன்னும் வெக்கம் இல்லை. நடுவுல ஒரு புள்ளி வச்சு, சாஃப்ட்வேர்ல சமச்சீர்னு ஒன்னைத் தட்டிவிடுவாங்க. அப்புறம் ஒரு கோடு இழுத்தா பத்துக் கோடு வரும். ஒரு இதழ் வளைஞ்சா பத்து இதழும் அதே நொடியில வளையும். "கம்ப்யூட்டர்தானே பண்ணுது, இதுல இவங்க என்ன பண்றாங்க?"ன்னு ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். உக்கார வச்சு, பேனாவைக் கையில குடுத்துட்டேன். மனுஷன் கோடு இழுத்தார். பத்துப் பூரான் ஓடின மாதிரி இருந்துச்சு. எழுந்து போயிட்டார், அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கலை.

அதான் விஷயம். சாஃப்ட்வேர் உங்க கையைப் பத்தாப் பெருக்கும், அவ்வளவுதான். கை நல்லா இருந்தா அழகு பத்து மடங்கு. கை நடுங்கினா நடுக்கமும் பத்து மடங்கு. எங்க அண்ணி கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

அன்னிக்குப் பழைய டிசைனைத் திறக்கக் கூட இல்லை. புதுசா ஆரம்பிச்சாங்க. ஊசி முனையே கிடையாது. எல்லாம் உருண்டை உருண்டையா, கூழாங்கல் மாதிரி இதழ். ஒரு சுத்து முடிஞ்சா அதுக்கு வெளியில இன்னொரு சுத்து. நீலத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துக்கிட்டே போய், ஓரத்துல வெளிர் மஞ்சள்.

அம்மா அடுப்படிக்குப் போற மாதிரிப் போய், வர்ற மாதிரி வந்து, நாற்காலிக்குப் பின்னாடி நின்னுட்டாங்க. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்க்கிறாங்கன்னு முதுகைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

"அங்க படுத்திருக்கிறப்போ மனசு எங்க போகுது அத்தை?"ன்னு திரும்பாமலே கேட்டாங்க அண்ணி.

"எங்க போகும்? கண்ணு முன்னாடி இருக்கிறதுல என்ன குறைன்னு தேடும். பழகின புத்தி."

"அப்போ தேடுறதுக்கு நிறைய வேணும்."

இன்னும் ரெண்டு சுத்து சேர்த்தாங்க. குட்டிக் குட்டி வளையம், வளையத்துக்குள்ள புள்ளி, புள்ளியைச் சுத்தி மயிரிழை மாதிரிக் கோடு.

"மூணாவது சுத்துல கோடு தடிச்சிருக்கு"ன்னாங்க அம்மா.

"அம்மா, சும்மா இரேன்!"ன்னு நான் பாய்ஞ்சேன்.

அண்ணி அந்த இடத்தைப் பெருசாக்கிப் பார்த்தாங்க. "ஆமாம் அத்தை, தடிச்சுத்தான் இருக்கு." அழிச்சாங்க, திரும்ப இழுத்தாங்க. பத்து இடத்துலயும் இளைச்சுப் போச்சு. அம்மா ஒரு "ம்" போட்டாங்க. எங்க அம்மா வாயில இருந்து ஒரு "ம்" வர்றது சாதாரணம் இல்லைங்க.

அடுத்து அண்ணி செஞ்சதைத்தான் நான் பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். காலையில படுக்கையில இருந்து எடுத்த போட்டோவை ஸ்கிரீன்ல போட்டாங்க. அதுல பலகை, தலைப் பக்கம் அகலமாவும் கால் பக்கம் குறுகலாவும், கோணல் மாணலா இருந்துச்சு. அது மேல இந்தப் புது வட்டத்தைக் கொண்டு வந்து, ஒரு தட்டு மாதிரி உருண்டையா வச்சாங்க.

"படுத்திருக்கிறவங்களுக்கு இப்படித்தான் தெரியணும். சரியா?"

"சரி."

"இப்போ பாரு."

பலகையோட நாலு மூலையையும் ஒவ்வொன்னாப் பிடிச்சு இழுத்து, கோணலா இருந்த பலகையைச் சரியான சதுரம் ஆக்கினாங்க. பலகை நேராக நேராக, அது மேல இருந்த வட்டம் கூடவே இழுபட்டு நீண்டுச்சு. கடைசியில பலகை நேரா நிக்குது, வட்டம் பொதபொதன்னு ஒரு பக்கம் வீங்கின பூசணிக்காய் மாதிரி நிக்குது.

"ஐயய்ய! இவ்வளவு நேரம் கஷ்டப்பட்டு வரைஞ்சதை இப்படியா கெடுப்பீங்க?"

"இதை அந்த இடத்துல மாட்டி, படுத்துப் பார்த்தா வட்டமாயிடும். நிக்கிறவங்களுக்குக் கோணலாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

எனக்குப் புரிஞ்சப்போ உடம்பு சிலிர்த்துப் போச்சு. அத்தனை அழகா ஒன்னைச் செஞ்சுட்டு, உலகம் பூரா கோணலாப் பார்க்கட்டும், அங்க படுத்திருக்கிற ஒரு ஆளுக்கு மட்டும் சரியாத் தெரிஞ்சா போதும்னு விட எத்தனை பேருக்கு மனசு வரும்? என்னோட காரை ஒருத்தர் லேசா உரசினா நான் தெருவையே ரெண்டாக்குவேன்.

அம்மா மட்டும் ஸ்கிரீனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாங்க. "என்னவோ போ. எனக்கு நம்பிக்கை இல்லை"ன்னுட்டுப் போய்ப் புடவை மாத்திக்கிட்டாங்க.

*

பிரிண்ட் கடையில ஒரு சின்ன சண்டை. "இது தப்பா இருக்கு மேடம், வட்டம் நசுங்கியிருக்கு, நான் சரி பண்ணிப் போடவா?"ன்னு கடைக்காரர் நல்ல மனசோட கேட்டார். "கையை வச்சீங்க, அவ்வளவுதான்!"னு நான் போட்ட சத்தத்துல மெஷினே ஒரு நிமிஷம் நின்னுச்சு.

ஆஸ்பத்திரியில பழைய படத்தை உருவிட்டுப் புதுப் படத்தை விளக்குப் பலகைக்குள்ள சொருகிக்கிட்டிருந்தாங்க. அம்மா வெளியில வராந்தாவுல உக்காந்திருந்தாங்க. அடுத்த முறை அவங்களோடது. அப்போ பார்த்து நிர்வாகி கதவுப் பக்கம் வந்து நின்னார். டை கட்டின மனுஷன். கெட்டவர் இல்லை. ஆனா எல்லாம் நேரா இருக்கணும், நாற்காலி கூட.

"என்னங்க இது?"

பலகையைக் கை காட்டினார்.

"முன்னாடி இருந்தது எவ்வளவு லட்சணமா இருந்துச்சு? இது என்ன, உருகிப் போன மாதிரி? பார்க்கிறவங்க ஆஸ்பத்திரியைப் பத்தி என்ன நினைப்பாங்க? மன்னிச்சுக்கோங்கம்மா, இதைக் கழட்டிடுங்க."

என் வாய் திறந்துடுச்சு. அண்ணி என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு, ரொம்ப மெதுவா, "சார், கொஞ்சம் படுங்க"ன்னாங்க.

"என்னது?"

"அந்தப் படுக்கையில சார். ஒரே நிமிஷம்."

"நானா? அதுக்கெல்லாம் நேரம் இல்லைம்மா."

"வெளியில உக்காந்திருக்காங்களே, அவங்க எங்க அத்தை. இன்னிக்கு அவங்க படுக்கலைன்னா இனிமே வர மாட்டாங்க. நீங்க படுத்துப் பார்த்துட்டுக் கழட்டச் சொன்னா நானே என் கையால கழட்டிடறேன்."

எங்க வீட்டுக்கு வந்த இந்த மூணு வருஷத்துல அண்ணி ஒரே மூச்சுல அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நிர்வாகி தன்னோட ஷூவைப் பார்த்தார், டெக்னீஷியன் பொண்ணைப் பார்த்தார். அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்க முடியாம சுவர் பக்கம் திரும்பிக்கிச்சு. ஷூவைக் கழட்டினார். டையை நெஞ்சு மேல நேரா நீவி விட்டுக்கிட்டுப் படுத்தார்.

அப்புறம் அசையவே இல்லை. கண்ணு மட்டும் மெல்லச் சுத்துச்சு.

"சார்?"

"இருங்கம்மா, இருங்க." குரலே மாறிப் போயிருந்துச்சு. "இது எப்படி? அங்க நின்னப்போ... எழுந்தா கோணலாயிடுமா?"

"ஆகும் சார்."

எழுந்தார். பார்த்தார். திரும்பப் படுத்தார். கை தட்டாத குறை. "பக்கத்து ரூமுக்கும் இதே மாதிரி ஒன்னு போட்டுக் குடுங்கம்மா"ன்னு ஷூவைக் கையில தூக்கிக்கிட்டே சொன்னார். போற அவசரத்துல கதவுகிட்ட நின்னு போன்ல ஒரு போட்டோவும் எடுத்துக்கிட்டார், ஆஸ்பத்திரியோட இணையப் பக்கத்துல போடணுமாம். எனக்கு இருந்த சந்தோஷத்துல, கதவுல இருந்து எடுத்தா எப்படி விழும்னு எனக்குத் தோணவே இல்லை.

*

அம்மா உள்ள போனாங்க. போறப்போ எங்களைத் திரும்பிப் பார்க்கலை.

வெளியில ஒரு சின்ன டி.வி.யில உள்ள நடக்கிறது தெரியும். அம்மா கையைத் தூக்கிப் படுத்தாங்க. டெக்னீஷியன் பொண்ணு போர்வையைச் சரி பண்ணிட்டு வெளியில வந்துச்சு. கனத்த கதவு மூடிக்கிச்சு. அம்மா தனியா.

அண்ணி என் கையைப் பிடிச்சிருந்தாங்க. அந்தக் கை நடுங்குச்சு. நடுங்கவே நடுங்காத கைன்னு கொஞ்சம் முன்னாடிதானே சொன்னேன்? நடுங்குச்சுங்க.

மெஷின் நகர ஆரம்பிச்சது. முந்தின நாள் இந்த இடத்துலதான் எழுந்தாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன். திறந்தப்போ அம்மா அப்படியே இருந்தாங்க. மெஷின் இந்தப் பக்கம் வந்துச்சு, அந்தப் பக்கம் போச்சு. அம்மா அசையலை. ஒரு தடவை உதடு மட்டும் அசைஞ்சுச்சு. சாமி கும்பிடறாங்கன்னு நினைச்சேன்.

டெக்னீஷியன் பொண்ணு மைக்கைப் பிடிச்சு, "முடிஞ்சுதும்மா, கையை இறக்கிக்கலாம்"னு சொல்லுச்சு.

அம்மா கையை இறக்கலை.

"அம்மா? கேக்குதா? முடிஞ்சு போச்சு, எழுந்துக்கலாம்."

ஸ்பீக்கர்ல அம்மா குரல் கரகரன்னு வந்துச்சு. "இரும்மா. இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்கு. பார்த்துட்டு எழுந்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துச்சா அழுகை வந்துச்சான்னு கேக்காதீங்க. ரெண்டும் ஒன்னாத்தான் வந்துச்சு. சாமியும் இல்லை, பூதமும் இல்லை. அங்க படுத்துக்கிட்டு, எங்க அம்மா ஒவ்வொரு இதழாத் தரம் பார்த்திருக்காங்க!

கார் சிக்னல்ல நின்னப்போ பின்னாடி சீட்டுல இருந்து அம்மா கேட்டாங்க. "நாளைக்கும் அதேதானே இருக்கும்?"

"அதேதான் அத்தை."

"மாத்திக் கீத்தித் தொலைக்கப் போறாங்க. சொல்லி வை."

கண்ணாடியில பார்த்தேன். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

*

சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழைஞ்சு விளக்கைப் போட்டோம், போன் அடிச்சது. அண்ணன். கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தைத் தொட்டிருக்கு. மேஜை மேல போனைச் சாய்ச்சு வச்சு, ஸ்பீக்கர்ல போட்டாங்க அண்ணி. அம்மா உள் ரூம்ல.

"ஏய் காம்பஸ், போன்ல ஒரு ஆஸ்பத்திரி படம் சுத்துது, பார்த்தியா? கூரையில ஒரு வட்டம். அது உன் வேலைதானே?"

"எப்படிச் சொல்றீங்க?"ன்னு சமாளிச்சாங்க அண்ணி.

"அந்த இதழை அப்படி வளைக்கிறதுக்கு உலகத்துல வேற ஆள் இருக்கா? பார்த்த உடனே தெரிஞ்சிடுச்சு. ஆனா ஏன் அப்படிக் கோணலா இருக்கு? பிரிண்ட் போட்டவன் சொதப்பிட்டானா? கீழ கமெண்ட்ல ஜனங்க கிழிச்சுத் தொங்க விட்டிருக்காங்க. 'வட்டம் வரையத் தெரியாதவங்களுக்கு எல்லாம் வேலை குடுத்தா இப்படித்தான்'னு ஒருத்தன். எனக்கு வயிறு எரியுது."

அண்ணி உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க. என்ன சொல்லுவாங்க? ஏன் கோணல்னு சொன்னா, யாருக்காகன்னு சொல்லணும். யாருக்காகன்னு சொன்னா சத்தியம் போச்சு.

"ஆமாங்க. கொஞ்சம் தப்பாயிடுச்சு."

"தப்பாயிடுச்சா? நீயா தப்புப் பண்ணின? நம்ப முடியலையே. சரி, நாளைக்கே போய்க் கழட்டச் சொல்லிடு. உன் பேருதான் கெட்டுப் போகும்."

"சரிங்க, சொல்றேன்"னாங்க அண்ணி. அவ்வளவு பெரிய வேலையைச் செஞ்சவங்க, தப்புன்னு ஒத்துக்கிட்டு நிக்கிறாங்க. சொல்லிடலாமான்னு என் வாய் துறுதுறுத்துச்சு. சொல்ல முடியலை.

உள் ரூம் கதவு படார்னு திறந்துச்சு. அம்மா வந்த வேகத்தைப் பார்த்து நான் எழுந்து வழி விட்டுட்டேன். மேஜையில இருந்த போனைப் பிடுங்கி வாய்க்குக் கிட்ட வச்சுக்கிட்டாங்க.

"யாருடா கோணல்னு சொன்னவன்?"

"அம்மா? நீ எங்க இருந்து..."

"எவன்டா சொன்னான்? கதவுகிட்ட நின்னு பார்த்தவன் சொன்னானா? அவனுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு சுத்தா, ஒவ்வொரு இதழா நான் பார்த்துட்டேன்டா. ஒரு குறை கிடையாது. ஒன்னு கூடக் கிடையாது! கழட்டணுமாம்ல? எவனாவது கை வைக்கட்டும், பார்க்கறேன். நான் படுத்துப் பார்த்தேன்டா. அது வட்டம்டா!"

துறைமுகத்துல எங்கேயோ ஒரு கப்பல் ஊதுறது மட்டும் கேட்டுச்சு.

அப்புறம் அண்ணன் குரல், சின்னப் பையன் குரல் மாதிரி வந்துச்சு.

"ஏம்மா... நீ எதுக்கு அங்க போய்ப் படுத்த?"

அம்மாவுக்கு அப்பதான் உறைச்சுச்சு. என்னைப் பார்த்தாங்க. அண்ணியைப் பார்த்தாங்க. அண்ணி கண்ணுல இருந்து தண்ணி பொலபொலன்னு கொட்டுது, துடைக்கவும் இல்லை. அம்மா ஒரு கையால நாற்காலியை இழுத்து அண்ணி பக்கத்துல போட்டு உக்காந்து, இன்னொரு கையால அண்ணியோட கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"உக்காந்துக்கோடா"ன்னாங்க போன்ல. "சொல்றேன்."